பாசி படியும் வேகம்

வலது குதிகாலில் பதினொரு கறுப்புப் புள்ளிகள் இருந்தன. படகுக்காரர் என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ரப்பர் செருப்பால் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவற்றை எண்ணுவதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. "பிடுங்காதீங்க சார், உள்ளயே ஒடிஞ்சிரும். இப்படி நொறுக்கி விட்டா ஒடம்பே கரைச்சுக்கும்" என்றார். தாத்தா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து போன குடும்பம். அவருடைய தமிழுக்குள் இந்தி அவ்வப்போது எட்டிப் பார்த்தது. 2023 பிப்ரவரி, அந்தமானில் நீல் தீவு. ஆபீஸ் நண்பர்களோடு போன பயணத்தின் இரண்டாம் நாள்.

மிதிப்பதற்கு இரண்டு நிமிடம் முன்னால்தான் நீருக்கடியில் அதை ரசித்துப் பார்த்திருந்தேன். ஆரஞ்சுப்பழ அளவில் ஒரு கறுப்பு உருண்டை. எல்லாத் திசையிலும் நீண்ட ஊசிகள், சில ஸ்கேல் நீளத்துக்கு இருக்கும். மேல்பக்கம் ஐந்து வெள்ளைப் புள்ளிகள். நடுவில் ஆரஞ்சு வளையம் போட்ட ஒரு கண். அந்தக் கண் என்னையே பார்ப்பதுபோல இருந்தது. அன்று இரவு விடுதியில் காலை வெந்நீரில் ஊறவைத்துக்கொண்டு போனில் தேடியபோதுதான் தெரிந்தது, நான் கண் என்று நினைத்தது அதன் ஆசனவாய். கண் என்று அதற்குத் தனியாக எதுவும் கிடையாது. தோலே வெளிச்சத்தை உணரும். மேலே ஒரு நிழல் விழுந்தால் ஊசிகள் அந்தப் பக்கமாகத் திரும்பும். ஆக, நான் வருவது அதற்குத் தெரிந்திருக்கும். எனக்குத்தான் தெரியவில்லை.

வாய் அடியில், பாறையைப் பார்த்து இருக்கிறது. ஐந்து பற்கள் கொண்ட அந்தத் தாடைக்கு 'அரிஸ்டாட்டிலின் விளக்கு' என்று பெயர். முள்ளெலியை விளக்கோடு ஒப்பிட்டு அரிஸ்டாட்டில் எழுதியதிலிருந்து வந்தது. பகலில் பொந்துகளில் ஒண்டிக்கிடந்துவிட்டு ராத்திரியில் வெளியே வந்து, இந்தப் பற்களால் பாறைமேல் படியும் பாசியைச் சுரண்டித் தின்னும். வாழ்நாள் முழுக்க அதன் வேலை அதுதான்.

என் காலில் குத்தியது டயடெமா செட்டோசம். டயடெமா என்றால் கிரேக்கத்தில் மகுடம். செங்கடல் முதல் பசிபிக் வரை பரவிய இனம். என் சொந்த ஊரான தூத்துக்குடிக்கு எதிரே, மன்னார் வளைகுடாவிலும் இருக்கிறது. பதினெட்டு வயதுவரை அந்தக் கடற்கரையில் வளர்ந்தவன் நான், அதை முதன்முதலாகப் பார்க்க விமானம் ஏறி அந்தமான் போக வேண்டியிருந்தது.

*

சென்னை திரும்பியதும் ஒரு வாரம் வீட்டிலிருந்தே வேலை. காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு ராத்திரிகளில் முள்ளெலிகளைப் பற்றிப் படித்தேன். என் வேலை சர்வர்கள் விழாமல் பார்த்துக்கொள்வது. விழுந்தால், ஏன் விழுந்தன என்று எழுதுவது. அந்த அறிக்கைக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயரே போஸ்ட்மார்ட்டம்தான். அதனாலோ என்னவோ, 1983இல் கரீபியன் கடலில் நடந்ததைப் படிக்கத் தொடங்கியவன் நிறுத்தவில்லை.

கரீபியனில் இருப்பது இதன் நெருங்கிய சொந்தம், டயடெமா ஆன்டில்லாரம். 1983 ஜனவரியில், பனாமா கால்வாயின் அட்லாண்டிக் வாய்க்குப் பக்கத்தில் கலேட்டா முனை என்ற இடத்தில் அவை சாகத் தொடங்கின. அங்கே ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று இருந்ததால் அது கண்ணில் பட்டது. குழாய்க்கால்கள் பிடி விட்டன. ஊசிகள் தொய்ந்து உதிர்ந்தன. பகலில் ஒளிந்துகொள்ளும் பிராணி வெட்டவெளியில் கிடந்தது. வழக்கமாகக் கிட்டே வரப் பயப்படும் மீன்கள் வந்து கொத்தித் தின்றன. சில நாட்களில் வெற்று ஓடுகள்.

நீரோட்டம் போன வழியில் சாவும் போனது. அடுத்த ஆண்டின் தொடக்கத்துக்குள் கரீபியன் முழுவதையும் சுற்றிவிட்டது. ஹரிலாவோஸ் லெஸ்ஸியோஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் தீவு தீவாகத் தகவல் சேகரித்து அந்தப் பயணத்தை வரைபடமாக்கினார்கள். கணக்கெடுத்த இடங்களில் பெரும்பாலானவற்றில் நூற்றுக்கு 93க்கு மேல் செத்திருந்தன. மற்ற முள்ளெலி இனங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எந்தக் கிருமி என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு வந்தது பாசி. பவளத்தின் குஞ்சு நீரில் மிதந்து வந்து வெறும் பாறையில்தான் ஒட்டிக்கொள்ளும். பாசி மூடிய பாறையில் அதற்கு இடமில்லை. ஏற்கெனவே வளர்ந்த பவளங்களையும் பாசி ஓரத்திலிருந்து நெருக்கும். ஜமைக்காவின் பவளத்திட்டுகளைப் பற்றி டெர்ரி ஹியூஸ் 1994இல் வெளியிட்ட கணக்கை அன்றைக்கு ஒரு தாளில் எழுதி வைத்தேன். 1977க்கும் 1993க்கும் இடையில் உயிருள்ள பவளத்தின் பரப்பு 52 சதவீதத்திலிருந்து 3 ஆனது. பாசியின் பரப்பு 4 சதவீதத்திலிருந்து 92 ஆனது.

எங்கள் பாஷையில் இதற்கு ஒரு சொல் உண்டு: சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர். மொத்த அமைப்பும் ஒற்றைக் கொக்கியில் தொங்குவது. தாளில் அதை எழுதி அடிக்கோடு போட்டேன். பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தி எனக்கு. அவ்வளவுதான், மறந்தும் போனேன்.

*

மார்ச் மூன்றாவது வாரம் அக்கா பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் விரிசல். ஆறு வாரம் படுக்கையை விட்டு எழக்கூடாது என்றார் டாக்டர். அப்பா போனில் இதைச் சொன்ன விதம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "ஒண்ணும் பயமில்ல. ஆனா நீ வந்தா நல்லது" என்றார். என் அப்பா அதற்கு முன் என்னை ஒருமுறைகூட வரச் சொன்னதில்லை.

எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள். அண்ணன் நியூஜெர்சி. நான் சென்னை. அக்கா, கல்யாணம் சரிப்படாமல் 2014இல் தூத்துக்குடி வீட்டுக்கே திரும்பி வந்தவள், ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அப்பாவுக்குச் சர்க்கரை, இன்சுலின். அம்மாவுக்கு நான்கு வருடமாக ஞாபகம் கழன்றுகொண்டே வருகிறது. யாராவது கேட்டால் அண்ணனும் நானும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "அக்கா இருக்கால்ல." அந்தப் பதிலைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமைகூட இருக்கும்.

நான் போய்ச் சேர்ந்த மறுநாளே தண்ணீர் தீர்ந்துவிட்டது. மாநகராட்சிக் குழாயில் ஒன்றுவிட்டு ஒருநாள், விடியற்காலை நாலே கால் மணிக்குத் தண்ணீர் வரும். முக்கால் மணி நேரம்தான். எழுந்து மோட்டார் போட வேண்டும். அது எனக்குத் தெரியாது. அப்பாவின் மாத்திரைகளில் எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று தெரியாது. அவர் இன்சுலின் போட்டுக்கொண்ட பிறகு அரை மணி நேரத்தில் சாப்பிடுகிறாரா என்று யாரோ ஒருவர் நின்று பார்க்க வேண்டும் என்பதும் தெரியாது. மூன்றாம் நாள் அவர் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார். வேர்த்து நனைந்து கிடந்தவருக்கு, பக்கத்து அறையில் படுத்தபடியே அக்கா கத்திச் சொல்லச் சொல்ல, சர்க்கரையைக் கரைத்து வாயில் ஊற்றினேன். கை நடுங்கி பாதி சட்டையில் போனது.

ஆனால் அதையெல்லாம்கூடக் கற்றுக்கொண்டேன். சாயங்காலம்தான் முடியவில்லை. ஆறு மணி ஆனால் அம்மா பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். "நேரமாச்சு, வீட்டுக்குப் போவோம்." இதுதான் வீடு என்று விளக்கினேன். சுவரில் இருந்த தாத்தா படத்தைக் காட்டினேன். ரேஷன் கார்டைக்கூட எடுத்து வந்து காட்டினேன். ஒவ்வொரு ஆதாரத்துக்கும் அம்மாவின் அழுகை கூடியது. ஐந்தாம் நாள் அக்கா உள்ளிருந்து கூப்பிட்டாள். "ஏலே, கூட்டிட்டுப் போலே. தெருவ ஒரு சுத்து சுத்தி, பிள்ளையார் கோயில் வழியா வந்து நம்ம வாசல்ல நின்னு, வீடு வந்தாச்சும்மான்னு சொல்லு."

போனோம். வந்தோம். "வீடு வந்தாச்சும்மா." அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து டீ கேட்டார்.

நான்கு வருடமாகத் தினமும், பள்ளிவிட்டு வந்து, விடைத்தாள் திருத்துவதற்கு முன் அக்கா இதைச் செய்திருக்கிறாள். எங்களிடம் ஒருமுறைகூட இது பேச்சில் வந்ததில்லை. வாரம் ஒருமுறை நடந்த வீடியோ காலில் நாங்கள் பார்த்தது தெளிந்த தண்ணீர்.

*

முள்ளெலிகளிடம் திரும்பிப் போனது அந்த வாரம்தான். தூத்துக்குடி வீட்டுத் திண்ணையில், நாலே கால் மணித் தண்ணீருக்குக் காத்திருக்கும் நேரத்தில். இந்த முறை 1983க்கு முன்னால் என்ன நடந்தது என்று தேடினேன். போஸ்ட்மார்ட்டம் எழுதுகிறவன் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. நான் சோம்பேறித்தனமாக விட்டுவிட்டிருந்தேன்.

1970களின் தொடக்கத்தில் செயின்ட் குரோய் தீவில் ஒரு பரிசோதனை நடந்தது. ஒரு சிறு பவளத்திட்டிலிருந்து முள்ளெலிகள் எல்லாவற்றையும் ஆய்வாளர்கள் அகற்றிப் பார்த்தார்கள். பாசி மண்டியது. எங்கள் வேலையிலும் இப்படி ஒன்று செய்வோம், வேண்டுமென்றே ஒரு சர்வரை அணைத்துவிட்டு எது விழுகிறது என்று பார்ப்பது. ஆக, பெருஞ்சாவுக்குப் பத்து வருடம் முன்பே விடை தெரிந்திருந்தது.

ஒரு பிராணியை எடுத்தால் ஏன் அத்தனையும் விழ வேண்டும்? பாசி தின்ன வேறு ஆளே இல்லையா? இருந்தார்கள். கிளிமீன்கள், சர்ஜன் மீன்கள் எல்லாம் பாசி தின்பவைதான். ஜமைக்காவின் வடகரையில் அவற்றைப் பல தலைமுறைகளாகக் கூண்டு வைத்துப் பிடித்துத் தீர்த்திருந்தார்கள். முள்ளெலியைத் தின்னும் கிளாத்தி வகை மீன்களையும் சேர்த்துத்தான். போட்டியும் இல்லை, எதிரியும் இல்லை என்றானதும் முள்ளெலி பெருகி, போனவர்களுடைய வேலையையும் எடுத்துக்கொண்டது. 1984இல் மார்க் ஹே என்ற சூழலியலாளர் ஒரு சங்கடமான கேள்வி கேட்டார். கரீபியன் பவளத்திட்டை மேய்வது முதன்மையாக முள்ளெலிதான் என்று சொல்கிறோமே, அப்படிச் சொல்லும் ஆய்வுகள் பெரும்பாலும் மீன் அதிகமாகப் பிடிக்கப்பட்ட இடங்களில் நடந்தவை அல்லவா? அதை எப்படி இயல்பு என்று எடுத்துக்கொள்வது?

திண்ணையில் அந்த வரியைப் படித்துவிட்டுப் போனை மூடி வைத்தேன்.

அக்கா இருக்கால்ல. அதைச் சொன்னபோதெல்லாம் அக்காவின் சுபாவத்தைச் சொல்வதாகத்தான் நினைத்தேன். அவள் பொறுப்பானவள், பொறுமைசாலி, அம்மாமேல் பாசம் அதிகம். எல்லாம் உண்மை. ஆனால் அவள் அவ்வளவு செய்ததற்கு முதல் காரணம் நாங்கள் இரண்டு பேர் அங்கே இல்லாதது. நாங்கள் போன பிறகு உருவான நிலைமைக்கு அக்காவின் குணம் என்று பெயர் வைத்திருந்தோம்.

இன்னொன்றும் படித்தேன். டான் லெவிட்டன் என்பவருடைய ஆய்வு. கூட்டம் அதிகமாகி உணவு குறைந்தால் டயடெமா ஆன்டில்லாரம் தன் உடம்பையே சுருக்கிக்கொள்ளும். ஓடு சிறுத்துப்போகும். ஆனால் தாடை அந்த அளவுக்குச் சிறுக்காது. உடம்போடு பார்த்தால் வாய் பெரிதாகத் தெரியும். தனக்குள் எதைக் குறைத்தாலும் வேலை செய்யும் உறுப்பைக் குறைப்பதில்லை.

அப்பாவின் மருந்துச் சீட்டுகளைத் தேடியபோது அக்காவின் டைரிக்குள் ஒரு கடிதம் கிடைத்தது. 2019 மே மாதம் தேதியிட்டது. திருநெல்வேலியில் ஒரு பள்ளி அவளைத் தலைமையாசிரியையாக வரச் சொல்லிக் கேட்டிருந்தது. படித்திருக்கக் கூடாது, படித்தேன். இரண்டு நாள் வாய்க்குள் வைத்திருந்துவிட்டு, அவளுக்குக் கஞ்சி கொடுக்கும்போது கேட்டேன்.

"எங்ககிட்ட ஏன்க்கா சொல்லல?"

அக்கா ஸ்பூனை வாங்கிக்கொண்டாள். கோபமெல்லாம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் மாதிரி கேட்டாள்.

"சொல்லியிருந்தா என்னலே செஞ்சிருப்ப?"

2019 மே. எனக்கு அப்போதுதான் பிரமோஷன் வந்திருந்தது. அண்ணன் வீடு வாங்கியிருந்தான். நான் என்ன செய்திருப்பேன் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. 'நீ முடிவெடுக்கா, எதுன்னாலும் நாங்க இருக்கோம்' என்றிருப்பேன். கஞ்சி ஆறும்வரை நான் பதில் சொல்லவில்லை.

*

2022 ஜனவரியில் அமெரிக்க வர்ஜின் தீவுகளில் ஒன்றான செயின்ட் தாமஸில் அதே காட்சி மறுபடி தொடங்கியது. உதிரும் ஊசிகள், பிடிவிட்ட கால்கள். சில மாதங்களில் கரீபியனின் பல தீவுகளுக்குப் பரவியது. இந்த முறை மாதிரிகளை உடனே சேகரித்தார்கள். 2023 ஏப்ரலில், நான் திண்ணையில் உட்கார்ந்திருந்த அதே வாரங்களில், இயன் ஹியூசனும் மியா பிரைட்பார்ட்டும் அவர்களுடைய சகாக்களும் முடிவை வெளியிட்டார்கள். சிலியேட் எனப்படும் ஒற்றைச் செல் உயிரி, உடம்பைச் சுற்றி நுண்மயிர் கொண்டது. அதை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து ஆரோக்கியமான முள்ளெலிகள் இருந்த தொட்டியில் விட்டபோது அவையும் அதே விதமாகச் செத்தன. 1983இல் கொன்றதும் இதுதானா என்று யாராலும் சொல்ல முடியாது.

நான் அந்தமானில் மிதித்த இனத்துக்கும் அதே காலத்தில் ஆபத்து வந்திருந்தது. 2022இல் கிழக்கு மத்தியதரைக் கடலிலும், அடுத்து செங்கடலின் வடக்கே அகபா வளைகுடாவிலும் டயடெமா செட்டோசம் கூட்டம் கூட்டமாகச் செத்தது. அங்கேயும் அதே சிலியேட்தான் என்று டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் ஓம்ரி பிரான்ஸ்டைன் குழு பிறகு காட்டியது. என் குதிகாலில் பதினொரு முள் ஒடித்த அந்த ஒன்று நன்றாக இருக்க வேண்டும் என்று நான் நிஜமாகவே ஆசைப்பட்டேன்.

போனவை திரும்புமா? 1983க்குப் பிறகு கரீபியனில் பெரும்பாலான இடங்களில் திரும்பவில்லை. காரணம் எளிமையானது. முள்ளெலி முட்டையையும் விந்தையும் தண்ணீரில் விட்டுவிடும், அவை அங்கேதான் சந்திக்க வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் விட வேண்டும். அதற்கு நிலாவைப் பார்த்துக்கொள்கின்றன. சூயஸில் வாழும் டயடெமா பௌர்ணமிக் கணக்குப்படி இனப்பெருக்கம் செய்வதை 1920களில் மன்ரோ ஃபாக்ஸ் பதிவு செய்திருக்கிறார். நேரம் சரியாக இருந்தாலும் போதாது, கிட்டக்க கிட்டக்க இருக்க வேண்டும். எங்கோ ஒன்று எங்கோ ஒன்று என்று பிழைத்துக் கிடந்தால் நிலா வந்து என்ன பயன்? பிறக்கும் குஞ்சுகளும் பெரியவற்றின் முட்களுக்கு அடியில்தான் ஒளிந்து வளர்கின்றன.

ஆனாலும் முழுக்க இல்லை என்றில்லை. 2001இல் வெளியான ஓர் ஆய்வு, ஜமைக்காவின் வடகரையில் ஆழம் குறைந்த சில இடங்களில் முள்ளெலிகள் திரும்பியிருப்பதைச் சொன்னது. அவை இருந்த பட்டையில் பாசி குறைந்திருந்தது. பாறையில் இளம் பவளங்கள் கூடியிருந்தன. இப்போது ஃப்ளோரிடாவில் முள்ளெலிகளைத் தொட்டிகளில் வளர்த்துக் கடலில் விடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத குஞ்சை வாரக்கணக்கில் நீரில் மிதக்க வைத்துக் காப்பாற்ற வேண்டும், பொறுமையைச் சோதிக்கும் வேலை. கிளிமீனைப் பிடிப்பதற்குத் தடை போட்ட நாடுகளும் உண்டு. பெலீஸ் 2009இல் போட்டது. முள்ளெலியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று புரிந்துகொண்டவர்கள் செய்த காரியம் அது.

எங்கள் வீட்டில் நடந்ததைப் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. மாதத்தில் பத்து நாள் தூத்துக்குடியில் இருந்து வேலை பார்க்கிறேன். அண்ணன் வருடத்துக்கு ஒன்றரை மாதம் வருவதாக ஒத்துக்கொண்டான், இரண்டு முறை வந்துமிருக்கிறான். பகலில் ஓர் அம்மா உதவிக்கு வருகிறார். நான் லேப்டாப்பில் ஒரு அட்டவணை போட்டுக் காட்டினேன், யார் என்றைக்கு என்று. அக்கா பார்த்துவிட்டு, "ஷிப்டு போட்டா நடத்துவ வீட்ட?" என்று சிரித்தாள். பிறகு அதில் இரண்டு தப்புகளைத் திருத்தினாள். திருநெல்வேலி வேலை திரும்ப வரவில்லை. வராது. அதற்கு என்னிடம் எந்த அட்டவணையும் இல்லை.

போன டிசம்பரில் அக்கா பழைய காலேஜ் தோழிகளோடு நான்கு நாள் மூணாறு போனாள். ஒன்பது வருடத்தில் முதல் பயணம். முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா பையோடு வாசலுக்கு வந்தார். தெருவைச் சுற்றினோம். உப்பு லாரி ஒன்று போகும்வரை ஓரமாக நின்றோம். பிள்ளையார் கோயிலில் திருநீறு வாங்கி எனக்குப் பூசிவிட்டார். வாசலுக்கு வந்ததும், "வீடு வந்தாச்சும்மா" என்றேன்.

அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். "அவ எங்க?"

"ஊருக்குப் போயிருக்காம்மா. நாலு நாள்ல வந்துருவா."

கொஞ்ச நேரம் யோசித்தார். நான் அழுகைக்குத் தயாரானேன்.

"போயிட்டு வரட்டும், பாவம்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றினார்.